ஆஷ்விட்ஸ் கணக்கு மாறியதால் 60 லட்சம் குறையுமா?

ஆஷ்விட்ஸில் இறந்தவர்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டதால், நாஜிகள் கொன்ற யூதர்கள் 60 லட்சம் என்ற மொத்தமும் குறைய வேண்டும் என்கிறார்கள் சிலர். குறையாது. போலந்தில் நாஜிகள் நடத்திய கொலை முகாமான ஆஷ்விட்ஸின் நினைவிடத்தில் "40 லட்சம் பேர்" என்றிருந்த பலகை 1990-இல் அகற்றப்பட்டது உண்மைதான். அது சோவியத் ஆணையம் 1945-இல் பிண எரிப்பு உலைகளின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. பிறகு அந்நினைவிடத்தின் வரலாற்றாளர் பைப்பர், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் ரயிலேற்றப்பட்டார்கள் என்று கூட்டிப் பார்த்தார். வந்தவர்கள் சுமார் 13 லட்சம், இறந்தவர்கள் சுமார் 11 லட்சம்; அவர்களில் யூதர்கள் ஏறக்குறைய 10 லட்சம்.

60 லட்சம் அந்தப் பலகையை நம்பிய எண்ணே அல்ல. வரலாற்றாளர் ராவுல் ஹில்பர்க் 1961-லேயே ஆஷ்விட்ஸுக்கு 10 லட்சம், மொத்தம் 51 லட்சம் என்று எழுதினார். அறிஞர்கள் வாதிடுவது 51-க்கும் 60-க்கும் உள்ள இந்த இடைவெளியைப் பற்றி. கொலை நடந்ததா என்பதைப் பற்றியல்ல. உக்ரைனின் கீவ் நகரில் உள்ள பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள். இப்படி ஒன்றுவரை எண்ணி அறிக்கை அனுப்பியவர்கள் கொன்றவர்களேதான்.