மரப்பிடி ஷேவிங் பிரஷ்: கேட்டீர்கள், சொல்கிறேன்

லேத்தில் பிடி கடைந்து, முடிக்கட்டை ஒட்டி, சொந்தமாக ஷேவிங் பிரஷ் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். நான் தொழில்காரன் இல்லை. வார இறுதியில் மரத்தூளில் உட்கார்ந்திருப்பவன், அவ்வளவுதான்.

அண்ணே, நான் லேத்தைத் தொட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்குவது? (ஈசூன்)

முடிக்கட்டிலிருந்து. கடையில் 'நாட்' என்று கேளுங்கள், அடியில் பசையிட்டு இறுக்கிய கொத்தாகக் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை மரத்தைத் தொடாதீர்கள். 24 மில்லிமீட்டர் என்று விற்றதை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் 24.5 காட்டும். பசைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். அதனால் கட்டு உட்காரும் குழிக்கு 25 மில்லிமீட்டர் ஃபார்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையாக வரும்படி குழி போடும் துளைமுனை).

45க்கு 45, நீளம் 75 மில்லிமீட்டர் உள்ள கட்டை ஒரு பிடிக்குத் தாராளம். கட்டை சதுரமாக இருக்கும்போதே குழியைப் போட்டுவிடுங்கள். கடைந்த பிறகு போட்டால் மையம் விலகும், பிரஷ் கழுத்து சாய்ந்த கோழி மாதிரி நிற்கும். அப்புறம், குழிக்குள் சிக்கென்று உட்காரும்படி வேண்டாத மரத்தில் ஒரு முளை கடைந்து, அதில் கட்டையை மாட்டி, மறுமுனையை லேத்தின் பின்தலையால் தாங்கிக்கொண்டு வெளிப்புறத்தைக் கடையுங்கள். வடிவம் உங்கள் இஷ்டம். ஈரச் சோப்புக் கையில் வழுக்காமல் இருக்க இடுப்பில் ஒரு ஒடுக்கம் மட்டும் வையுங்கள்.

முடி எவ்வளவு உயரம் வெளியே தெரிய வேண்டும்? (பொங்கோல்)

24 மில்லிமீட்டர் கட்டுக்கு 50 மில்லிமீட்டரை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். குழி ஆழமானால் வெளியே நிற்கும் முடி குட்டையாகி விறைப்பாக இருக்கும். ஆழம் குறைந்தால் தளர்ந்து, முகத்தில் மெத்தென்று படும். இதை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நான் குழியைச் சற்று ஆழமாகவே போட்டு, அடியில் 20 காசு நாணயங்களைப் போட்டுப் பார்ப்பேன். அதன் விட்டம் 21 மில்லிமீட்டர், குழிக்குள் சுலபமாக இறங்கும். ஒரு காசு, இரண்டு காசு என்று அடுக்கி, மேலே முடிக்கட்டை வைத்து உள்ளங்கையில் அழுத்தினால் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று கை சொல்லிவிடும். அந்தத் தடிமனுக்கு ஒரு மரவில்லை வெட்டிப் போடுங்கள். சோம்பல் என்றால் காசையே விட்டுவிடுங்கள், 40 காசுதானே.

எங்கள் வீட்டில் பன்றி முடி ஆகாது. வேறு என்ன வழி? (ஜூரோங் வெஸ்ட்)

செயற்கை இழைதான். யோசிக்கவே வேண்டாம். ஊறவைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் காயும், நாற்றம் கிடையாது. பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் பேட்ஜர் என்ற விலங்கின் முடியைச் சொல்லியிருப்பேன், இப்போது இல்லை. ஒரு எச்சரிக்கை: அட்டையில் 'பிரிசில்' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது பன்றி முடி.

சிங்கப்பூரில் என்ன மரம் கிடைக்கும்? (தெம்பனிஸ்)

சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் துண்டுகள் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, நம் சாலையெல்லாம் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம். நடுப்பகுதி கரும்பழுப்பு, ஓரம் வெளிர்மஞ்சள், இரண்டும் சேரும் இடத்தில் கடைந்தால் பிடியில் வரி ஓடும். மற்றது அங்சானா, நம்மூர் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. உளி பட்டதும் ஒரு வாசம் வரும் பாருங்கள்! அதன் சீவலைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் தண்ணீர் நீலமாக மினுங்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தேக்கும் நல்லதுதான். ஆனால் எண்ணெய்ப்பசை உள்ள மரம், ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பூங்காவில் விழுந்த கிளையை அனுமதி இல்லாமல் தூக்கி வராதீர்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் லேத் வைக்கலாமா? (உட்லண்ட்ஸ்)

சத்தத்தைவிடத் தூள்தான் பிரச்சினை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. பாப்பா தூங்கும் வீட்டில் வேண்டாம். பொதுப் பட்டறையில் மணிக்கணக்கில் இடம் எடுங்கள், அங்கும் என்95 முகக்கவசம் போடுங்கள்.

நான் செய்த பிடி மூன்றே மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. வெளியே நல்ல வார்னிஷ்தான் அடித்தேன். (பிடோக்)

குழிக்குள் அடித்தீர்களா? என் முதல் பிரஷ்ஷும் இப்படித்தான் போயிற்று. வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஒருநாள் காலை நுரை கலக்கும்போது பெருவிரலுக்கடியில் மயிரிழையாக ஒரு கோடு. வாரக் கடைசியில் அதற்குள் நகம் போயிற்று. முடிக்கட்டைப் பிடுங்கிப் பார்த்தால் குழியின் அடி கறுத்து, ஈரம் கசிந்து கிடந்தது. அங்கே மரநாரின் வெட்டுமுனை தெரிகிறது, உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரைக் குடிக்கும்.

ஆகவே குழியின் சுவருக்கும் அடிக்கும் மெல்லிய எப்பாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்து இறுகவைக்கும் பசை) பூசி, ஒருநாள் காயவிட்டு, பிறகு முடிக்கட்டை ஒட்டுங்கள். ஐந்து நிமிட எப்பாக்சி வேண்டாம், மெதுவாக இறுகும் ரகமே தண்ணீரைத் தாங்கும். வெளிப்பூச்சுக்கு பாலியூரித்தேன் வார்னிஷ், அல்லது சூப்பர் குளூவைப் படலம் படலமாகத் தேய்த்துக் காயவிடலாம். ஷெல்லாக் (அரக்கு மெருகு) கூடாது, வெந்நீரும் சோப்பின் காரமும் அதைக் கரைத்துவிடும்.

மரம் முதலில் காய்ந்திருந்ததா என்பதும் கேள்வி. நம் காற்றில் எவ்வளவு காய்ந்த மரமும் ஏறக்குறைய 15 விழுக்காடு ஈரத்தோடுதான் இருக்கும். அதை ஏர்கான் அறையில் வைத்தால் சுருங்கும். துண்டை வாங்கி, முனைகளில் மெழுகு தடவி, பிரஷ் இருக்கப்போகும் வீட்டிலேயே சில மாதம் போட்டுவையுங்கள்.

தாத்தாவின் பழைய பிரஷ் இருக்கிறது. பிடி அழகு, முடி பாதி கொட்டிவிட்டது. அப்படியே பயன்படுத்தலாமா? (தோ பாயோ)

பிடியை வைத்துக்கொள்ளுங்கள், முடியை மாற்றுங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடி பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் பரவி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தாத்தாவுடையது அவ்வளவு பழசாக இருக்காது, இருந்தாலும் கொட்டும் முடி ஏன்? பழைய முடிக்கட்டை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சின்ன பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடையுங்கள். பிடியை லேத்தின் பிடிப்பானில் நேரடியாக இறுக்காதீர்கள், துணி சுற்றுங்கள்.

பிரஷ்ஷில் பூசணம் பிடிக்கிறது. (செங்காங்)

கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பீர்கள். உதறி, துண்டில் நாலு முறை தேய்த்து, சன்னலோரம் வையுங்கள்.