சிஎன்சி மோட்டார் டிரைவருக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் பவர் சப்ளை வேண்டும்?

பவர் சப்ளை என்பது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி டிரைவருக்குத் தரும் பெட்டி. டிரைவர் என்பது, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தின் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் பலகை. படிப்படியாக (ஸ்டெப்) சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரின் லேபிளில் 3 வோல்ட் என்றிருந்தாலும் 36 வோல்ட் கொடுக்கிறோமே, ஏன்? காயிலின் இண்டக்டன்ஸ், கரண்ட் சட்டென ஏறவிடாது. பாரம் ஏற்றிய தள்ளுவண்டியைப் போலத்தான். ஓங்கித் தள்ளினால்தான் உடனே வேகம் பிடிக்கும். உரிய கரண்ட் வந்ததும் டிரைவரே அதைக் கட்டுப்படுத்திவிடும். வோல்டேஜ் போதாவிட்டால் வேகத்தில் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும்.

அதற்காக 50 வோல்ட் வரை தாங்கும் டிரைவருக்கு 48 கொடுக்காதீர்கள், 36 போதும். ஓடும் மோட்டார் திடீரென வேகம் குறையும்போது ஜெனரேட்டராக மாறி வோல்டேஜை ஏற்றிவிடும். அந்த ஒரு கணத்தில் டிரைவர் போய்விடலாம்.

ஆம்ப் கணக்கு எளிது: எல்லா மோட்டார்களின் கரண்டையும் கூட்டி, மூன்றில் இரண்டு பங்கு. 3 ஆம்ப் மோட்டார் மூன்று இருந்தால் 6 ஆம்ப்.

வயரிங்கில், ஒவ்வொரு டிரைவருக்கும் சப்ளையிலிருந்தே தனி பிளஸ், மைனஸ் ஜோடியை முறுக்கிக் கொண்டுவாருங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடுத்தால் ஒன்றின் நாய்ஸ் (மின் இரைச்சல்) மற்றதைக் கெடுக்கும். சப்ளையின் உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது.

ஆம்ப் கூடிய சப்ளை டிரைவரை எரித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள்; டிரைவர் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும், சப்ளை வழியாக அதை எரிப்பது கூடுதல் வோல்டேஜும் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதும்தான்.