காசு கேள்வி: 12 சதவீதம்னா எதுல 12?

கே: அக்கா, டூவீலர் எடுக்கப் போறேன். ஷோரூம்லயே ஃபைனான்ஸ்காரங்க உக்காந்திருக்காங்க, 12 சதவீதம்தான்னு சொல்றாங்க. என் சம்பள அக்கவுண்ட் இருக்கற பேங்க்ல கேட்டா 16 சதவீதம் ரெட்யூசிங் பேலன்ஸ்ங்கறாங்க. 12தானே கம்மி, அதையே எடுத்துடட்டுமா? அவங்க எழுதிக் குடுத்த சீட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தம்பி, சீட்டைப் பாத்தேன். 12%னு பெருசா எழுதி அதைச் சுத்தி ரெண்டு வட்டம் போட்டிருக்காங்க, பக்கத்துல சின்னதா "ஃப்ளாட்"னு ஒரு வார்த்தை, அதுக்கும் கீழ ஓரத்துல ப்ராசஸிங் 2,000. நீங்க வட்டம் போட்டதை மட்டும் பாத்துட்டீங்க. விஷயமே அந்த சின்ன வார்த்தையிலதான் இருக்குது.

ஃப்ளாட்னா கடன் வாங்கின முழுத் தொகைக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி போடறது. 1 லட்சம், ஒரு வருஷம், 12% ஃப்ளாட்னா வட்டி 12,000, மொத்தம் 1,12,000, பன்னெண்டால வகுத்தா மாசம் 9,333. இப்ப யோசிங்க, ஆறு மாசம் கட்டினப்புறம் அசல்ல பாதியை நீங்க திருப்பிக் குடுத்தாச்சு, பத்தாவது மாசம் பாத்தா அவங்க காசு கொஞ்சம்தான் உங்க கையில இருக்குது, ஆனா வட்டி மட்டும் இன்னும் முழு 1 லட்சத்துக்கே ஓடிட்டிருக்குது. ரெட்யூசிங்ல அப்படி இல்ல, மிச்சம் இருக்கற அசலுக்கு மட்டும்தான் வட்டி. அதே 1 லட்சம், ஒரு வருஷம், 16% ரெட்யூசிங்னா மாசம் சுமார் 9,073, வருஷத்துல மொத்த வட்டி 8,900க்குள்ள முடிஞ்சிடும். 12ஐ விட 16 உங்களுக்கு மூவாயிரம் ரூபாய் மிச்சம் பண்ணுது! அந்த 12% ஃப்ளாட்டை ரெட்யூசிங் கணக்குல சொன்னா 21 சதவீதத்துக்கு மேல வருது, அதுவும் ப்ராசஸிங் 2,000ஐ சேக்காம. முன்னாடியே பிடிச்சுக்கிட்டா கையில வர்றது 98,000தான், அப்ப இன்னும் ஏறும்.

இவ்வளவு கணக்கு நீங்க போடவே வேணாம், ஏன்னா 2024 அக்டோபர் 1லேர்ந்து ரிசர்வ் வங்கி ஒரு ரூல் போட்டிருக்குது, இந்த மாதிரி கடன் குடுக்கற பேங்கும் சரி ஃபைனான்ஸ் கம்பெனியும் சரி, கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்னு ஒரு தாள் குடுத்தே ஆகணும், அதுல ஏபிஆர்னு ஒரு நம்பர் இருக்கணும், வட்டி கட்டணம் எல்லாத்தையும் சேத்து வருஷத்துக்கு எவ்வளவுங்கறதுதான் அந்த நம்பர். ரெண்டு இடத்துலயும் ஏபிஆர் கேளுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. தர மாட்டேன்னு இழுத்தா அந்த டேபிள்லேர்ந்து எழுந்து வந்துடுங்க.

கே: மார்க்கெட்ல மீன் விக்கறேன். தண்டல் வாங்கறேன், 10,000க்கு 8,500 கையில குடுப்பாங்க, தினம் 100 ரூபாய் நூறு நாள் கட்டணும். என் மருமக சொல்றா இது அநியாய வட்டின்னு. 1,500தானே பிடிக்கறாங்க, பதினஞ்சு சதவீதம்தானே? ரெண்டு பைசா வட்டிங்கறது இதை விட கம்மியா ஜாஸ்தியா?
வாசகி, தேவனாம்பட்டினம்

உங்க மருமக கணக்குல கெட்டி, அவங்களை விட்றாதீங்க. ரெண்டு பைசா வட்டின்னா ஒரு ரூபாய்க்கு மாசம் ரெண்டு பைசா, அதாவது நூத்துக்கு மாசம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். நகைக்கடன், பேங்க் வட்டியெல்லாம் வருஷக் கணக்குல சொல்லுவாங்க, நம்ம ஊர் கைமாத்து வட்டி எப்பவும் மாசக் கணக்கு. இதை கலந்துட்டாதான் குழப்பம்.

தண்டலுக்கு வருவோம். நீங்க வாங்கினது 10,000 இல்லம்மா, 8,500தான். அதுவும் மறுநாள் காலையிலேர்ந்தே திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுடறீங்க, அதனால நூறு நாளும் சராசரியா பாத்தா உங்க கையில அவங்க காசு நாலாயிரத்து சொச்சம்தான் இருக்குது. அதுக்கு மூணு மாசத்துல 1,500 வட்டி. வருஷத்துக்குன்னு பாத்தா 100 சதவீதத்தை தாண்டி போகுது, பதினஞ்சு எங்க இருக்குது? ரெண்டு பைசா இல்ல, எட்டு பைசாவுக்கும் மேல. அவசரத்துக்கு யாரும் கேள்வி கேக்காம கையில குடுக்கறாங்க, அதுக்குத்தான் அந்த விலை, நான் உங்களை குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மகளிர் குழுவுல உள்கடன் என்ன வட்டிக்கு ஓடுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

கே: சென்செக்ஸ் 500 புள்ளி விழுந்துச்சுன்னு டிவியில அலறாங்களே, பயப்படணுமா?
வாசகர், மஞ்சக்குப்பம்

சென்செக்ஸ்ங்கறது 30 பெரிய கம்பெனி ஷேர்களோட குறியீடு, 1978-79ல 100னு வச்சு ஆரம்பிச்ச கணக்கு. அது 20,000ல இருக்கறப்ப 500 விழுந்தா ரெண்டரை சதவீதம், 80,000ல இருக்கறப்ப அதே 500 விழுந்தா முக்கால் சதவீதம் கூட இல்ல. டிவிக்காரங்க புள்ளியை சொல்லுவாங்க, நீங்க சதவீதத்தை பாருங்க, டீயைக் குடிங்க.

கே: எஸ்ஐபி நல்லதா எஃப்டி நல்லதா? ஆஃபீஸ்ல ஒருத்தர் என்ஏவி 10 ரூபாயில இருக்கற ஃபண்டுல போடு, அதுதான் சீப்புங்கறாரு. டைரக்ட், ரெகுலர்னு வேற ரெண்டு இருக்குதாம், தலை சுத்துது.
வாசகி, முத்தியால்பேட்டை

எஸ்ஐபிங்கறது ஒரு முதலீடே இல்ல, மியூச்சுவல் ஃபண்டுல, அதாவது பல பேர் காசை ஒண்ணா சேத்து முதலீடு பண்ற ஃபண்டுல, மாசாமாசம் பணம் போடற ஒரு முறை, அவ்வளவுதான். கடலூர் பஸ்ஸுக்கு பாஸ் எடுத்து வச்சிருக்கறது ஒண்ணு, அந்த பஸ் எப்படி ஓடுதுங்கறது வேற. எஸ்ஐபி எந்த ஃபண்டுக்குப் போகுதுன்னு சொல்லாம நல்லதா கெட்டதான்னு பதில் சொல்ல முடியாது, ஷேர்ல போடற ஃபண்டா, கடன் பத்திரத்துல போடற ஃபண்டான்னு அதுதான் முதல் கேள்வி. எஃப்டியில வட்டி எவ்வளவுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடறாங்க, ஃபண்டுல யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. மூணு வருஷத்துல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய காசை ஷேர் ஃபண்டுல எஸ்ஐபி போட்டுட்டு சேஃப்னு நினைச்சுடாதீங்க.

என்ஏவி விஷயத்துல உங்க ஆஃபீஸ்காரர் சொல்றது தப்பு. ஃபண்டோட மொத்த சொத்துல குடுக்க வேண்டியதை கழிச்சு யூனிட் எண்ணிக்கையால வகுத்தா வர்றதுதான் என்ஏவி. 5,000 ரூபாய் போட்டா 10 ரூபாய் ஃபண்டுல 500 யூனிட், 100 ரூபாய் ஃபண்டுல 50 யூனிட், ரெண்டும் பத்து சதவீதம் ஏறினா ரெண்டுலயும் 5,500தான். புதுசா வர்ற ஃபண்டுங்க 10 ரூபாய்னு போஸ்டர் ஒட்டறப்ப அதுல சீப்னு எதுவும் இல்ல.

டைரக்ட்னா நடுவுல ஏஜென்ட் இல்லாம நேரா வாங்கறது, 2013 ஜனவரியிலேர்ந்து இருக்குது. ரெகுலர்ல ஏஜென்ட் கமிஷன் உங்க காசுலேர்ந்தே வருஷாவருஷம் கழியும், தனி பில் வராது, அதான் யாருக்கும் தெரியறதில்ல. எக்ஸ்பென்ஸ் ரேஷியோன்னு போட்டிருப்பாங்க, ஃபண்டு நடத்தற செலவுக்குன்னு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கழிக்கறாங்கங்கறதுதான் அது, அதே ஃபண்டோட ரெண்டு ப்ளானுக்கும் அது எவ்வளவுன்னு பாருங்க. சொல்லிக் குடுத்து, கூட நின்னு, மார்க்கெட் விழுந்தா ஃபோன் எடுத்து பேசற ஏஜென்டுக்கு அந்த காசு குடுக்கலாம், ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு காணாம போனவருக்கு எதுக்கு?

கே: எங்க தெருவுல 20 பேர் சேந்து 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு போடறோம். தள்ளு, கசர்னு எல்லாரும் பேசறாங்க, எனக்கு கேக்க வெக்கமா இருக்குது. கொஞ்சம் விளக்குங்க. இது சேஃபா?
வாசகி, கடலூர் முதுநகர்

இதுல என்ன வெக்கம், சீட்டு கட்டற பாதிப் பேருக்கு கசர் எப்படி வருதுன்னு தெரியாது, கம்மியா கட்டறோமேன்னு சந்தோஷப்பட்டுக்கறாங்க. ஆளுக்கு மாசம் 5,000, மொத்தம் 1 லட்சம். ஒருத்தருக்கு அவசரம், 25,000 தள்ளி எடுக்கறார்னு வைங்க, அவருக்கு கையில 75,000. அந்த 25,000தான் தள்ளு. அதுல சீட்டு நடத்தறவர் கமிஷன் 5,000 போக மிச்சம் 20,000ஐ இருவது பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு 1,000, இதான் கசர், அந்த மாசம் நீங்க 5,000க்கு பதிலா 4,000 கட்டினா போதும்.

ஆக ஆரம்பத்துலயே தள்ளி எடுக்கறவருக்கு இது கடன், அவர் தள்ளினதுதான் வட்டி. கடைசி வரைக்கும் காத்திருக்கறவருக்கு இது சேமிப்பு, கசர்தான் லாபம். ரெண்டும் ஒரே சீட்டுலதான் நடக்குது, நல்ல ஏற்பாடுதான். நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டு சேருங்க, ரெண்டாவது மாசமே 35,000 தள்ளி எடுத்து அந்த காசை எஃப்டியில போடறதெல்லாம் கூத்து.

சேஃபான்னு கேட்டீங்க. 1982ல மத்திய அரசு போட்ட சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டுக் கம்பெனி முன் அனுமதி வாங்கி சீட்டுப் பதிவாளர்கிட்ட பதிவு பண்ணணும், நடத்தறவர் கமிஷன் 7 சதவீதத்தை தாண்டக் கூடாது, 2019 வரைக்கும் அது 5ஆ இருந்துச்சு. தெருச் சீட்டு நடத்தற அக்கா நல்லவங்களாவே இருக்கலாம், ஆனா ஏலம் எடுத்தவர் பாதியில நிறுத்திட்டா அந்த அக்கா என்ன பண்ணுவாங்க? எடுக்கறவர்கிட்ட ஜாமீன் வாங்கறாங்களான்னு பாருங்க. மாசாமாசம் நோட்டுல கையெழுத்து வாங்குங்க, ஒரே தெருதானேன்னு விட்றாதீங்க.

கே: ரிட்டயர்மெண்ட் பணம் 8 லட்சம், ஒரே பேங்க்ல ரெண்டு ப்ராஞ்ச்ல 4, 4ஆ எஃப்டி போட்டிருக்கேன். 5 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ்னு சொன்னாங்க, அப்ப ரெண்டும் சேஃப்தானே?
வாசகர், லாஸ்பேட்டை

இல்லீங்க சார். டெபாசிட் இன்ஷூரன்ஸ் ப்ராஞ்சுக்கு இல்ல, பேங்குக்கு. ஒரே பேர்ல ஒரு பேங்க்ல எத்தனை கிளையில எவ்வளவு இருந்தாலும் அசல், வட்டி எல்லாம் சேத்து 5 லட்சம்தான், 2020 பிப்ரவரி 4லேர்ந்து இந்த அளவு, அதுக்கு முன்ன 1 லட்சம்தான் இருந்துச்சு. பாதியை வேற பேங்குக்கு மாத்தினா தீந்துச்சு, பெரிய பேங்க்தானே என்ன ஆகப்போகுதுங்கறது வேற விஷயம். கூட்டுறவு வங்கிக்கும் இந்த இன்ஷூரன்ஸ் உண்டு, ஆனா கூட்டுறவு கடன் சங்கத்துக்கு இல்ல, நிதின்னு பேர் வச்ச கம்பெனிகளுக்கும் இல்ல. அரை சதவீதம் ஜாஸ்தி குடுக்கறாங்கன்னு அங்க போறதுக்கு முன்னாடி போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு முழுசா படிங்க.

கே: எங்க பெரியப்பா பிரான்ஸ் நேஷனாலிட்டி, அங்கதான் இருக்காரு. இங்க அவர் பேர்ல பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட் இன்னும் ஓடுது, வீட்டு வாடகையும் அதுலதான் விழுது. என்ஆர்ஓவா மாத்தணும்ங்கறாங்க, என்ஆர்இன்னும் ஒண்ணு இருக்குதாமே?
வாசகர், குருசுக்குப்பம்

நம்ம பாண்டியில வீட்டுக்கு வீடு வர்ற கேள்வி. வெளிநாட்டுலயே குடியிருக்கறவர் சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சிருக்கக் கூடாது, என்ஆர்ஓவா மாத்தியே ஆகணும். இங்க வர்ற வாடகை, டிவிடெண்ட் (கம்பெனி லாபத்துல ஷேர் வச்சிருக்கறவங்களுக்குக் குடுக்கற பங்கு) எல்லாம் பொதுவா என்ஆர்ஓவுலதான் விழும், அந்த அக்கவுண்ட்ல வர்ற வட்டிக்கு இங்க 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும் பிடிப்பாங்க. என்ஆர்இ அங்கேர்ந்து அனுப்பற காசுக்கு, அந்த வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, எப்ப வேணா திருப்பி எடுத்துட்டுப் போலாம். பெரியப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, பிரான்ஸ்ல வரி கட்டறவர் வெளிநாட்டுல இருக்கற பேங்க் அக்கவுண்டை அங்க வருஷாவருஷம் தெரிவிக்கணும், தெரிவிக்கலன்னா அபராதம். பாண்டி அக்கவுண்டும் அவங்களுக்கு வெளிநாட்டு அக்கவுண்டுதான், நம்மாளுங்க இதைத்தான் மறந்துடறாங்க.

கே: நாமினின்னு என் தம்பி பேர் போட்டிருக்கேன், கல்யாணம் ஆனப்புறம் மாத்தல. பணம் மனைவிக்குத்தானே போகும்?
வாசகர், பண்ருட்டி

பேங்க் தம்பி கையிலதான் குடுக்கும், ஆனா அவர் வாரிசுக்காக வாங்கி வச்சிருக்கறவர்தான், தானே வாரிசு ஆகிட மாட்டார். ஷேர், ஃபண்டு விஷயத்துலயும் இதேதான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. உங்க மனைவி தம்பிகிட்ட கேட்டு வாங்கணும், தரலன்னா கோர்ட்டுக்குப் போகணும். ஒரு ஃபார்ம் மாத்தற வேலைக்கு ஏன் குடும்பத்துல இவ்வளவு சண்டையை இழுத்து வைக்கறீங்க? நாளைக்கே போங்க.

கே: வீட்டுக்காரர் என்எல்சியில இருக்காரு, அவர் சிநேகிதர் ஒருத்தர் ஒரு கம்பெனி ஷேர் வாங்கச் சொல்றாரு, 30 சதவீதம் டிவிடெண்ட் குடுக்கறாங்களாம். எஃப்டி 7 குடுக்கறப்ப இது 30ஆ? வாங்கட்டுமா?
வாசகி, நெய்வேலி

அந்த 30, முகமதிப்புல 30, அதாவது ஷேருக்குன்னு கம்பெனி குறிச்சிருக்கற அடிப்படை மதிப்புல, மார்க்கெட் விலையில இல்ல. ஷேரோட முகமதிப்பு 10 ரூபாய்னா உங்களுக்கு ஒரு ஷேருக்கு வர்றது 3 ரூபாய். மார்க்கெட்ல அந்த ஷேர் 240க்கு விக்குதுன்னா நீங்க போட்ட காசுக்கு டிவிடெண்ட் ஒண்ணேகால் சதவீதம்தான், இதைத்தான் டிவிடெண்ட் யீல்டுன்னு சொல்றாங்க. ஷேர் விலை ஏறினா லாபம் வரலாம், இறங்கினா நஷ்டமும் வரலாம், அது தனி. வாங்கட்டுமான்னு கேட்டீங்க, அதை சொல்றதுக்கு ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கற செபியில பதிவு பண்ணின ஆளா இருக்கணும், நான் இல்ல, எனக்குத் தெரிஞ்சு உங்க வீட்டுக்காரரோட சிநேகிதரும் இல்ல.