ஆற்றுவாழை ஏன் திரும்ப வருகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கிளிவெட்டிப் பக்கம் எங்கள் குளத்தில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை மண்டிக் கிடந்தது. ஆவணியில் கழகப் பொடியன்களும் கமக்காரர்களும் சேர்ந்து ஒரே நாள் சிரமதானத்தில் இழுத்துக் கரையில் போட்டோம். மார்கழியில் போய்ப் பார்த்தால் கரையோரம் திரும்பவும் பச்சை. களைநாசினி அடிப்போம் என்கிறார்கள் சிலர். வெள்ளம் வரும்போது ஆற்றுக்குள் தள்ளிவிட்டால் கடல் உப்பில் செத்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், மூதூர்

அன்புள்ள வாசகருக்கு,

ஆவணியில் நீங்கள் செய்தது சரியான வேலை, மாதமும் சரி. விடுபட்டது அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்கள்.

ஆற்றுவாழை விதை சேற்றுக்குள் 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். மேலே செடிகள் பின்னிப் படர்ந்த படை மூடியிருக்கும்வரை வெளிச்சம் படாததால் முளைப்பது குறைவு. நீங்கள் படையை எடுத்ததும் வற்றின குளத்தின் ஈரச்சேற்றில் வெயில் விழுந்திருக்கும், ஐப்பசி மழையோடு விதை முளைத்திருக்கும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் சேற்றைப் பிடித்து, இலை ஒடுங்கி நாடா மாதிரி, தண்டில் காற்றுக் குமிழ் இல்லாமல் இருந்தால் அது விதையிலிருந்து வந்த நாற்று. தண்டு உருண்டு வீங்கி மிதந்தால், நீங்கள் இழுக்கும்போது முறிந்து தங்கிய துண்டு. முதலாவது அதிகம் என்றால் கரையோரச் சேற்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது அதிகம் என்றால் இழுத்த முறையில் பிழை.

அந்த முறையைப் பற்றி. கத்தியால் வெட்டித் துண்டாக்கிக் கொண்டு போகாதீர்கள். குருத்துள்ள ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். கச்சான் என்ற தென்மேல் காற்று வீசும் காலத்தில் காற்றே படையைக் கிழக்குக் கரைக்கு ஒதுக்கித் தரும், அங்கிருந்தே இழுங்கள். இழுக்கும் பகுதியைச் சுற்றி நைலோன் கயிற்றில் வெறும் போத்தல்களைக் கட்டி, அதில் பழைய மீன்வலையை ஓரடி ஆழத்துக்குத் தொங்கவிடுங்கள். முறிந்த துண்டுகள் அதைத் தாண்டிப் போகாது. மாலையில் வலையில் தங்கியதை அள்ளாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசு வாயிலும் ஒரு வலை வேண்டும், இல்லாவிட்டால் துண்டுகள் வாய்க்கால் வழியே அடுத்தவரின் வயலுக்குப் போகும்.

பாரத்தைக் குறைத்து மதிக்காதீர்கள். அடர்ந்த படை சதுர மீற்றருக்கு 30 கிலோ என்று வைத்தாலே கால் ஏக்கருக்கு 30 தொன். மூன்று தொன் ஏற்றும் ட்ரக்டர் பெட்டியில் பத்து நடை. ஆனால் அதில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். கரையில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டால் ஏற்ற வேண்டிய பாரம் வெகுவாகக் குறையும். போடும் இடம் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அணைக்கட்டின் சரிவில் குவித்துவிட்டு வந்தால் முதல் மழையே அதைக் குளத்துக்குள் திருப்பிவிடும். கூட்டெரு போடுவதானால் பூத்த செடிகளைத் தனியே எடுத்து எரியுங்கள். குவியல் நன்றாகச் சூடேறாவிட்டால் விதை சாகாது.

அதன்பிறகு நூறு பேர் தேவையில்லை. ஐந்தாறு பேர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை, தை முடியும்வரை கரையைச் சுற்றி வந்து நாற்றுகளைக் கையால் பிடுங்கினால் போதும். பூக்க முன்பு பிடுங்குவதுதான் முக்கியம். ஒருமுறை பூத்து விதை விழுந்தால் இன்னும் பல வருட வேலை சேர்ந்துவிடும். சிரமதானத்துக்கு ஆள் திரட்டுவதைவிட இந்த ஐந்து பேரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கழகம் முதலில் அவர்களின் பெயரை எழுதி வைத்துவிட்டுத்தான் சிரமதான நாளையே குறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

களைநாசினி வேண்டாம். குளிக்கிற, மாடு குடிக்கிற, மீன் பிடிக்கிற தண்ணீர் அது. படை முழுக்க ஒரேயடியாகச் செத்து அழுகினால் தண்ணீரில் ஒட்சிசன் இறங்கி மீன் மிதக்கும். அழுகிய செடியின் உரம் முழுக்கக் குளத்திலேயே நின்று அடுத்த தலைமுறை ஆற்றுவாழையை வளர்க்கும். இழுத்து வெளியே போடும்போது அந்த உரமும் வெளியேறுகிறது.

கடல் உப்பு ஆற்றுவாழையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வெள்ள காலத்தில் மகாவலி கொட்டியாரக் குடாவில் கொட்டுவது நன்னீர். அந்த நன்னீரில் உயிரோடு மிதந்து போகும் படை பாலத் தூண்களில் அடைத்து, மீனவரின் வலையைக் கிழித்து, வெள்ளம் வடியும்போது யாருடைய வயலிலோ தங்கும். உங்கள் குளத்துச் சுமையைக் கீழே இருப்பவரின் தலையில் ஏற்றாதீர்கள். 1909ஆம் ஆண்டே ஆற்றுவாழைக்கென்று தனிச் சட்டம் வந்த நாடு இது.

இழுக்க முன்பு இலைகளையும் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் தோல் சுரண்டிய புள்ளிகள் நிறைய இருந்தால், இந்தச் செடியைத் தின்னவென்றே கொண்டுவரப்பட்ட கூன்வண்டு அங்கே இருக்கிறது. வற்றாத குளம் என்றால் ஒரு மூலையில் பூ கிள்ளிய சிறு படையை வலைக்குள் மறித்து வண்டுக்காக விடலாம். வருடாவருடம் வற்றும் குளத்தில் வண்டு நிலைக்காது, அங்கே கைதான் வழி. சல்வீனியா என்ற இன்னொரு மிதக்கும் களையும் கலந்திருந்தால் அது விதையில் வருவதில்லை, துண்டில்தான் பெருகும். வலை இன்னும் சிறிய கண்ணாக இருக்கட்டும். தாமரை, அல்லி, வள்ளைக்கீரையைத் தொடாதீர்கள்.

இறங்க முன்பு கமநல சேவை நிலையத்தில் சொல்லி அனுமதி பெறுங்கள், பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில். படைக்குக் கீழே முதலை கிடக்கலாம். ஆகவே கரையில் நின்று கொக்கியால் இழுப்பதே நல்லது, இறங்கித்தான் ஆகவேண்டுமானால் கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். காலில் புண் உள்ளவர் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றி உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சிரமதானத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே கேளுங்கள்.