பஸ் 1066 என்றால் ராமும் 1066 ஆக இருக்க வேண்டுமா?

வணக்கம்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. கோர் 2 டியோ இ7400 பிராசஸர், ஜி31 மதர்போர்டு, டிடிஆர்2 667 ராம் ஒன்றே ஒன்று, 1 ஜிபி. அப்பா தமிழில் டைப் செய்யவும் பிடிஎஃப் படிக்கவும் வைத்திருக்கிறார். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறிப் போய் நின்றுவிடுகிறது. ராம் கூட்டலாம் என்று கடைக்குப் போனேன். "உங்க பிராசஸரோட பஸ் ஸ்பீடு 1066. அதுல 667 ராம் போட்டா எப்படிங்க ஓடும்? 1066 ராம்தான் போடணும்" என்றார் கடைக்காரர். சாதாரண ராமைவிட விலை நன்றாகவே கூடுதல். வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். 1066 ராமை வாங்கிச் செருகினாலும் உங்கள் போர்டில் அது 800-க்கு மேல் ஓடாது. ஜி31 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்கள்) ஏற்பது டிடிஆர்2 667, 800 இரண்டையும்தான். உங்கள் தலைமுறை இன்டெல் கம்ப்யூட்டர்களில் ராமை நடத்துவது பிராசஸர் இல்லை, போர்டில் சின்ன ஹீட்சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நார்த்பிரிட்ஜ் சிப். கடைக்காரர் சொன்ன பஸ், பிராசஸருக்கும் இந்தச் சிப்புக்கும் நடுவே டேட்டா போய்வரும் பாதை. சிப் ஒத்துக்கொள்ளாத வேகத்துக்குக் காசு கொடுத்துப் புண்ணியமில்லை.

கடைக்காரர் ஒன்றும் ஏமாற்றவில்லை. பென்டியம் 3 காலத்துப் பாடத்தை அப்படியே சொல்கிறார், அவ்வளவுதான். அப்போது பஸ் 100 என்றால் பிசி100 ராம், 133 என்றால் பிசி133. எண்ணைப் பார்த்து எண்ணை வாங்கினால் வேலை முடிந்தது. 2000 கடைசியில் வந்த பென்டியம் 4 அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. அதன் பஸ் கிளாக், அதாவது பஸ்ஸின் துடிப்பு, 100 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு கிளாக்குக்கு நான்கு தடவை டேட்டாவைக் கடத்தியதால் 400 என்று விற்றார்கள். அடுத்த வருஷமே இன்டெல் 845 சிப்செட்டைக் கொண்டுவந்து, அதே பிராசஸரைப் பிசி133 ராமோடு ஓடவிட்டது. பஸ் நொடிக்கு 3.2 ஜிபி வாங்கக் காத்திருக்க, ராம் கொடுத்ததோ 1 ஜிபி சொச்சம். பொருந்தாத ஜோடி என்றால் அதுதான். உங்களுடையது அந்த ரகம் இல்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 1066 என்பது 266 மெகாஹெர்ட்ஸ் கிளாக், நான்கால் பெருக்கியது. ஒவ்வொரு தடவையும் 8 பைட் போகிறது. ஆக பஸ் கடத்தக்கூடியது நொடிக்குச் சுமார் 8.5 ஜிபி. ராமின் எண்ணோ இரண்டால் பெருக்கிய எண். 667 என்று அச்சிட்ட ராமின் கிளாக் 333. அது ஒற்றையாக இருந்தால் 5.3 ஜிபி கொடுக்கும். அதே 667-ல் இரண்டைப் போட்டால் இரண்டு சேனலும் (நார்த்பிரிட்ஜிலிருந்து ராமுக்குப் போகும் பாதைகள்) சேர்ந்து வேலை செய்து 10.6 ஜிபி. பஸ் கேட்பதைவிட அதிகம்! ஒற்றை 800 ராம் போட்டாலோ 6.4-தான். ஒரு வேகமான ராமைவிட இரண்டு நிதானமான ராம் மேல் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, மெமரி பக்கத்தைத் திறங்கள். சேனல் என்ற இடத்தில் இப்போது சிங்கிள் என்று இருக்கும். டிராம் ஃப்ரீக்வென்சி 333 என்று காட்டும். "667 கேட்டேன், பாதிதான் தந்திருக்கிறான்" என்று கடைக்குப் படையெடுக்க வேண்டாம், கிளாக்கைத்தான் காட்டுகிறது. அதற்குக் கீழே எஃப்எஸ்பி:டிராம் 4:5 என்று பஸ் கிளாக்குக்கும் ராம் கிளாக்குக்கும் உள்ள விகிதம் இருக்கும். 266-க்கு 333. உங்கள் ராம் இப்போதே பஸ்ஸின் கிளாக்கைவிட வேகமாகத்தான் ஓடுகிறது.

இவ்வளவும் சொன்னேனே, உங்கள் அப்பாவின் தொல்லைக்குக் காரணம் இந்த வேகக் கணக்கே இல்லை. 1 ஜிபி போதவில்லை. நாலு டேப் திறந்ததும் ராம் நிரம்பி, விண்டோஸ் மீதியை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. திணறும் நேரத்தில் கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆகவே 2 ஜிபி டிடிஆர்2 800 இரண்டு வாங்குங்கள். ஜி31 ஏற்பது மொத்தம் 4 ஜிபிதான். பெரும்பாலான ஜி31 போர்டுகளில் இரண்டே ஸ்லாட் என்பதால் பழைய 1 ஜிபியைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். அதை விட்டுவைக்க ஆசைப்பட்டு 800-ஐ அதோடு சேர்த்தால் இரண்டும் 667-க்கு இறங்கிவிடும். 800 கிடைக்காமல் 667 ஜோடி கிடைத்தாலும் தயங்காமல் வாங்குங்கள், வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியப் போவதில்லை. பிசி2-6400 என்று ஒட்டியிருந்தால் 800, பிசி2-5300 என்றால் 667. இந்த ராம் இனி பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் போர்டில் மட்டும் வேலை செய்யும் டிடிஆர்2 ராம் மலிவாக விற்கிறார்கள், அது உங்களுக்கு ஆகாது, இன்டெல் போர்டில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபியும் முழுசாகத் தெரியாது, 3 ஜிபி சொச்சம்தான் காட்டும். ராமில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

1066-க்குக் கொடுக்க இருந்த கூடுதல் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டுவிடுங்கள். உங்கள் போர்டில் அது முழு வேகத்தில் ஓடாதுதான், இருந்தாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிடவே முடியாது.

புது கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அங்கே இந்த பஸ் பேச்சே கிடையாது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் ராமை நடத்தும் மெமரி கன்ட்ரோலரை டெஸ்க்டாப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. ஏஎம்டி ரைசனில் மட்டும் பழைய பாடத்துக்குக் கொஞ்சம் உயிர் உண்டு: 2019-ல் வந்த ரைசன் 3000 வரிசையில் டிடிஆர்4 3600 வரை பிராசஸரின் உள் பாகங்களை இணைக்கும் பாதையும் ராமும் ஒரே கிளாக்கில் ஓடும், 3733-ஐத் தாண்டினால் தானாகவே பாதி விகிதத்துக்கு இறங்கி, கூடுதல் விலை கொடுத்தவருக்குச் சில வேலைகளில் வேகம் குறையும்.

புது ராம்களைப் போட்டபின் சிபியு-இசட்டில் சேனல் டூயல் என்று மாறியிருக்க வேண்டும். சிங்கிள் என்றே நின்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரண்டையும் கழற்றி, ஓரத்துக் கிளிப் டக்கென்று பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள்.