ஆராய்ச்சி செய்ய மாதாமாதம் பணம் தரும் ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை கிடைத்துவிட்டது. பெரிய நிறுவனத்தைப் பார்த்து பிஎச்.டி சேர்வதா, பிடித்த தலைப்பைப் பார்த்தா?

இரண்டையும் விட முக்கியமாக, அந்த லேபில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கரிம வேதியியலில் பிஎச்.டி முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். தலைப்பு எனக்கு நடுவில் மாறியது, பலருக்கும் மாறும்.

இரண்டாம் ஆண்டில், ஈரம் பட்டாலே கெட்டுப்போகும் பியூட்டைல் லித்தியம் சேர்க்கும் வினை ஒன்று எனக்கு ஒருநாள் வரும், மறுநாள் வராது. மைனஸ் 78 டிகிரி குளியலில் மணிக்கணக்காக ஓடவிட்டு, வினை நடந்ததா என்று காட்டும் டி.எல்.சி தட்டை யூ.வி விளக்கின் கீழே வைத்தால் தொடக்கப் பொருளின் புள்ளி மட்டும் அப்படியே நிற்கும். ஐந்து மாதம் இப்படியே போனது. பியூட்டைல் லித்தியம் புதுப் புட்டி வாங்கிப் பார்த்தோம், அதிலும் வரவில்லை. ராத்திரி விடுதிக்கு வந்து அழுதிருக்கிறேன்.

ஒருநாள் சீனியர் அக்கா பக்கத்தில் வந்து நின்று, "டி.எச்.எஃப் வடிக்கிறியே, நீலம் வந்துச்சா?" என்று கேட்டார். டி.எச்.எஃப்தான் வினை நடக்கும் கரைப்பான், அதைச் சோடியமும் பென்சோபீனோனும் போட்டுக் காய்ச்சி வடிப்போம். ஈரமும் ஆக்சிஜனும் போன பிறகுதான் அடர்நீலம் வரும். நான் அவசரத்தில் பச்சை தட்டும்போதே எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். குடுவை முழுக்க மை கரைத்தது போல நீலம் ஏறியது. மறுநாள் தட்டில் பழைய புள்ளி இல்லை, மேலே புதிதாக ஒன்று இருந்தது. அந்த அக்கா இல்லாத லேபில் சேர்ந்திருந்தால் படிப்பை விட்டிருப்பேன்.

அதனால் சேரும் முன் நேரில் போய் இரண்டு நாள் இருங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். செய்த பொருள் சரியானதா என்று பார்க்கும் என்.எம்.ஆர் சோதனை எடுக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா என்று கேளுங்கள். 2023 ஜனவரியில் உயர்த்திய ஜே.ஆர்.எஃப் தொகை, சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000, அப்புறம் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் எங்களுக்குச் சில மாதங்கள் சேர்த்துத்தான் வரும், கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கைடிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். யு.ஜி.சியின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை எடுக்கலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. அதையும் விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று. சோத்கங்கா தளத்தில் நிறையப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கைடின் பழைய மாணவர்களுடையதை இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு பதிவு செய்தார், எப்போது சமர்ப்பித்தார் என்று பாருங்கள். அப்புறம் நன்றியுரையை நிதானமாகப் படியுங்கள். என்னுடையதில் கைடுக்கு ஒரு பத்தி, அந்த அக்காவுக்கு ஒன்றரைப் பத்தி.