நலம், நலமறிய ஆவல். எந்த நலம்?

கேள்வி: என் மகன் தத்துவத்தில் பிஎச்.டி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரவு ஒன்பதரைக்கு ஜூமில் உட்கார்ந்து, லண்டனிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற இளம் ஆய்வாளர்களோடு 'வெல்பீயிங்' பற்றிப் பேசுகிறான். சாப்பாடு ஆறிப் போகிறது. நல்லா இருப்பது என்றால் என்னவென்று என் அம்மாவைக் கேட்டாலே சொல்வாரே, இதற்கு ஒரு குழுவா?
வாசகர், திருச்சி

பதில்: சரி, அம்மாவையே கேட்போம். "மனசு சந்தோஷமா இருந்தா போதும்" என்றால் அது ஒரு கட்சி. "நெனச்சது நடக்கணும்" என்றால் இன்னொன்று. "உடம்பு, நாலு நல்ல மனுஷங்க, கொஞ்சம் படிப்பு" என்று அடுக்கினால் மூன்றாவது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் வந்த தன் புத்தகத்தின் பின்னிணைப்பில் இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார், இன்றைக்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் சண்டையைத் தொடங்குகிறார்கள்.

சந்தோஷம்தான் எல்லாம் என்பவர்களை அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-லேயே மடக்கப் பார்த்தார். நண்பர் கிடைத்தது போலவும் பெரிய நாவல் எழுதியது போலவும் மூளைக்குள் அனுபவம் தருகிற ஒரு இயந்திரம், நீங்களோ ஒரு தொட்டியில் மிதந்துகொண்டிருப்பீர்கள், ஆயுசு முழுக்க அதில் ஏறிக்கொள்வீர்களா? மாட்டேன் என்றால், சந்தோஷத்தைத் தவிர வேறு ஏதோவும் வேண்டும் என்றுதானே அர்த்தம்? எனக்கு 'நெனச்சது நடக்கணும்' கட்சி மேல் கொஞ்சம் சாய்வு உண்டு, ஆனால் அதற்கும் பார்ஃபிட் ஒரு ஆப்பு வைத்திருக்கிறார்: முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தித்து, அவருக்குத் தீராத நோய் என்று தெரிந்து, அவர் பிழைக்கவேண்டும் என்று மனசார விரும்புகிறேன், அப்புறம் அவரை மறந்தும் போகிறேன், ரொம்ப நாள் கழித்து எனக்குத் தெரியாமலே அவர் குணமாகிவிடுகிறார். நான் நினைத்தது நடந்துவிட்டது. அதனால் என் வாழ்க்கை ஒரு துளியாவது மேம்பட்டதா? இல்லையென்றால் ஏன் இல்லை? மூன்றாவது கட்சிக்கோ பட்டியலை யார் போடுவது என்பதுதான் தலைவலி. குறையில்லாத உடம்பு அதில் இருக்கவேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் ஊனம் என்பது வித்தியாசம் மட்டுமே, அதனாலேயே ஒரு வாழ்க்கை மட்டமாகிவிடாது என்று தத்துவவாதி எலிசபெத் பார்ன்ஸ் 2016-இல் புத்தகமே எழுதினார்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து யோசித்தால் நம் வாதம் நமக்கு நன்றாகத்தான் தெரியும். ஓட்டை எங்கே என்று இன்னொருவர்தான் காட்டவேண்டும். பேராசிரியரிடம் காட்டலாமே என்பீர்கள், ஆனால் நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவர் முன்னால் அரைவேக்காட்டுக் கட்டுரையை நீட்ட யாருக்குத் தைரியம் வரும்? அதே படியில் நிற்கிறவர்களிடம் அந்தக் கூச்சம் குறைவு. அதிலும், ஒரு பல்கலைக்கழகத் துறையில் இதே விஷயத்தைப் படிக்கிறவர் ஒருவர் இருந்தாலே பெரிது, மற்றவர்களை இணையத்தில்தான் பிடிக்கவேண்டும். இப்படிப்பட்ட குழுக்களில் பொதுவாகக் கட்டுரையை முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள், பிறகு நேரம் முழுக்க ஆட்சேபம்தான். உங்கள் காதில் அது சண்டை போல விழலாம்.

ஒன்பதரை மணிக்கும் காரணம் உண்டு. குளிர்காலத்தில் லண்டனில் அப்போது மாலை 4, கலிபோர்னியாவில் காலை 8. நேரத்தை ரொம்பத் தள்ளினால் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு நாள் மட்டும் எட்டரைக்கே சாப்பாடு போட்டுவிடுங்கள்.